தலைகீழாய்ப் பிடித்தவர்

கிண்ணியாப் படகில் எனக்கு முன்னால் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: "நான் தலைகீழாப் பிடிச்சதுதான் பிழையாம்."

துறைமுகக் களஞ்சியத்தில் நெருப்புப் பிடித்தபோது புதுத் தீயணைப்புக் கருவி இவர் கையில் வேலை செய்யவில்லை. மண்ணை அள்ளிப் போட்டுத்தான் அணைத்தார்களாம்.

"பழசைக் கவிட்டாத்தானே தண்ணி வரும்? அப்பிடித்தான் களஞ்சியத்துப் பெரிய துரை எங்களைப் பழக்கினவர். புதுசை நிமித்திப் பிடிச்சு, பிடியில இருக்கிற ஊசியை இழுக்கவேணுமாம். அதை ஒருத்தரும் சொல்லல்ல. பழைய ஆணியிலேயே கொழுவிப்போட்டுப் போயிட்டாங்க."

"வேலை போயிடும். துரையிட்ட ஒருக்கா மன்னிப்புக் கேளுங்களன்."

"ஏலாது."

"பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க."



"ஓம், நினைச்சுத்தான் சொல்றன். துரை என்னைக் கவிட்டுப் பாக்கட்டும். மன்னிப்பு வராது."