ஓரம் தெரியாத எண்

டெகால், அதாவது கடையில் விற்கும் தாளில் அச்சடித்த ஒட்டுப்படம், ஊறுவதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை. கை பொறுக்கும் சூடு போதும். அரை நிமிடத்தில் தாளிலிருந்து எண் வழுக்கிக்கொண்டு வரும். அதை மாதிரிக் கப்பலின் பக்கவாட்டில் நகர்த்தி உட்காரவைத்து, இளக்கும் திரவத்தை லேசாகத் தடவ வேண்டும். உடனே அந்த மெல்லிய படலம் பாலாடைபோலச் சுருங்கும். புதியவர்கள் அப்போதுதான் பயந்துபோய் விரலை வைத்துக் கெடுப்பார்கள். பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் தொடக் கூடாது. பத்து நிமிடத்தில் தானே படிந்துவிடும்.

நீங்கள் நேற்றுக் கேட்ட கேள்விக்கு இது தேவை என்பதால் முதலில் எழுதினேன். எதிரில் ஆள் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் அதனால்தான். நோட்டில் எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதித்தீர்கள், நன்றி.

என் அப்பா வெண்டெல் ஹாஸ்கெட், பிரெமர்ட்டன் கப்பல் தளத்தில் முப்பத்தோரு வருடம் பெயின்டராக இருந்தவர். நிஜப் போர்க்கப்பல்களின் முகப்பில் ஆளைவிட உயரமான எண்களை எழுதியவர். ஓய்வுபெற்ற பிறகு மாதிரிக் கப்பல்கள் செய்தார். கை நடுங்க ஆரம்பித்ததும் வேலை பிரிந்தது. கப்பலின் உடலை அவர் ஒட்டுவார். எண்கள், நீர்மட்டக் கோடுகள், தளத்தின் வெள்ளை வட்டங்கள் எல்லாம் நான். ஆறு வருடம் அப்படி. சர்ச்சின் கீழ்த்தளத்தில் எங்கள் மாதிரிக் கப்பல் சங்கம் வருடாவருடம் நடத்தும் போட்டியில் நான்கு முறை முதல் பரிசு. மதிப்பெண் தாளை நீங்களே பாருங்கள், நான்கு முறையும் எண்கள், கோடுகள் என்ற அடையாளக் குறிகளுக்குத்தான் முழு மதிப்பெண். கப்பலுக்கு முன்னால் வைக்கும் அட்டையில் அவர் பெயர் மட்டும் இருக்கும்.

இந்த வருடம் என் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"புள்ளயப் பெத்தவன் நான். நீ தல சீவிவிட்டே, அவ்ளோதான். அதுக்கு உன் பேர வைக்கணுமா? ஸ்கூலையே முடிக்காதவ பேரப் பாத்தா ஜட்ஜுங்க சிரிக்க மாட்டாங்க?"

நான் சரி என்றேன். எனக்குக் கோபம் வந்ததாக நீங்கள் எழுத வேண்டாம். வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். முன்னறையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சமையலறை அலமாரியில் இருந்தது. நான் அந்த அலமாரிக்குக் கீழே, மேசையில் கப்பலோடு இருந்தேன். அவர் கூப்பிட்டார். டெகால் சுருங்கிக்கொண்டிருந்தது, விட்டு எழுந்தால் எண் நகர்ந்துவிடும், சும்மாதான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன் என எல்லோரிடமும் சொன்னேன். ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் புரியவில்லை. சங்கத்து ஆட்களுக்குப் புரிந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் சங்கத்து வெர்னா டில்லட்சன் மீன் கேசரோல் சமைத்துக் கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நேரத்துல யாராலம்மா எந்திரிக்க முடியும்? நானா இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

மே மாதப் போட்டிக்கு அதே கப்பலைக் கொண்டுபோனேன். செய்தவர் மார்லிஸ் ஹாஸ்கெட் என்று அட்டையில் எழுதினேன். நடுவர் வெர்னாதான். பூதக்கண்ணாடியை முகப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"டெகால் சுத்தமா ஒட்டியிருக்கேம்மா. ஓரமே தெரியல."

"ஓரம் கெடையாதுங்க. அது டெகால் இல்ல, பெயிண்ட்."

மறுபடி கண்ணாடியை வைத்தார். பிறகு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காமல், "அப்போ அன்னிக்கு எந்தக் கப்பல்ல ஒட்டிக்கிட்டிருந்தே?" என்றார்.

டெகால் என்று அவர் சொன்னபோதே தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் இன்று நீங்கள் இங்கே இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகப்பு உள்வாங்கி வளைகிறது; எந்த டெகாலும் அங்கே மடியும். டேப்பில் ஒவ்வொரு எண்ணின் வடிவத்தையும் வெட்டி ஒட்டி, வெள்ளையைத் தனியாக, கறுப்பு நிழலைத் தனியாக அடித்தேன். நான்கு நாள் வேலை. அதைக் கடைத் தாள் என்று யாரும் எழுத விடமாட்டேன். உங்கள் போலீஸ் அறிக்கையிலும் டெகால் என்று இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள்.

வருந்துகிறாயா என்று கேட்டீர்கள். இல்லை. அந்தக் கப்பல் என்னுடையது.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே வண்ணம் காய்ந்துவிட்டது. மேசையில் ஈரமாக எதுவும் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று முறை, எப்போதும்போல, "ஏய்" என்றார். நான்காவது முறை "மார்லிஸ்" என்றார். அவர் வாயிலிருந்து என் பெயரைக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. நன்றாக இருந்தது. இன்னொரு முறை சொல்வார் என்று காத்திருந்தேன்.