அஞ்சடி ரெண்டங்குலம்

செவ்வாய்க்கிழமை மாலை 4.10 மணிக்கு என் மனைவி இறந்த செய்தி எனக்கு வந்தது. சொன்னவர் டாக்டர் அல்ல.

என் பெயர் ஸ்டெபின், வயது 30, தகப்பனார் பெயர் ஐசக். ஓசூர் தொரப்பள்ளி ரோட்டில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சிப்காட்டில் மெஷின்களுக்கு புரோகிராம் எழுதும் இன்ஜினியர். அன்று காலை என் மனைவி லிபியா வயிற்றுவலி தாங்காமல் விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டார் கம்பெனிக்குத் தகவல் சொன்னார்கள். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதை எடுக்காமலே ஓடிப்போய் அவளைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தேன். அட்மிஷன் ஃபாரத்தில் என் பெயருக்கு நேராக அவள் போன் நம்பரைக் கொடுத்தேன். அதன் பிறகு குடல்வால் ஆபரேஷனுக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் செருப்பையும் போனையும் வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"ஸ்டெபின் சாருங்களா? சவப்பெட்டிக் கடை ராஜ்குமார் பேசறனுங்க. அம்மா அஞ்சடி ரெண்டங்குலம்னு வந்திருக்குது, அஞ்சரை அடிப் பெட்டி போதுங்களா? கிறிஸ்டியன்தான, சிலுவை போட்டே தந்தர்றன்."

"அவ உள்ள உயிரோட இருக்கா. நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க."

"அய்யோ, இன்னும் சொல்லலீங்களா? சரிங்க சார், அப்பறமா கூப்படறன்."

அதன் பிறகு 4.50 மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் செருப்பைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் கல்லறையில் பாஸ்டர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது அதே போனில் ஒரு பெண், "சாருக்கு முப்பதுதான, கொழந்தையும் இல்லன்னு போட்டிருக்குது, நம்ம சபையிலயே நல்ல வரன் இருக்குதுங்க" என்றார். அடக்கம் முடிந்ததும் நேராக மருத்துவமனைக்குப் போனேன்.

மேனேஜர் கௌதம் சிரித்தார். "இன்னிக்கு யாரு நம்பர்தான் சார் வெளிய போகல? இன்ஜினியர் நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"அது என் பொண்டாட்டி போனு. அந்த நம்பர்ல என் பேரு இருக்கறது உங்க ஃபாரத்துல மட்டுந்தான்."

"கம்ப்ளைண்ட்டெல்லாம் எதுக்குங்க, பில்லுல பாத்து கொறைச்சுக்கலாம்."

"எவ்வளவுய்யா கொறைப்ப? அவள எவ்வளவுக்கு வித்தீங்க, அதச் சொல்லு மொதல்ல."

மேஜையைக் கையால் அடித்தது உண்மை. எதையும் உடைக்கவில்லை. என் மனைவி செத்ததை எனக்கு முன் கடைக்காரனுக்குச் சொன்னது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவள் ஃபாரத்தை யார், எப்போது திறந்தார்கள் என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். அவர்கள் அழிப்பதற்குள் அதைக் கைப்பற்றக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஸ்டேஷனில் தொடர்பு எண் கேட்டார்கள். அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் அனுப்பினால் வருகிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. லிபியாவின் போனை அணைத்துவிட்டேன்.

(ஒப்பம்) ஐ. ஸ்டெபின்