மாமனார் போட்ட வாட்ச்சு

அய்யய்யோ, அந்தச் சேர்ல உக்காராதீங்க தம்பி! அதுல ரெண்டு வாட்ச்சு காயுது. கட்டிலும் வேணாம், தலகாணிக்குப் பக்கத்துல ஒன்னப் பிரிச்சி வச்சிருக்காரு. இந்தாங்க, இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. பேருதான் என் வூடு, எனக்கே உக்கார எடமில்ல.

எங்க வூட்டுக்காரரு வெளிய போயிருக்காரு. வந்துடுவாரு... வந்துடுவாரு. உங்க மாமனாரு நாளைக்கித்தான பாரீசுலேருந்து வர்றாரு? கல்யாணத்தன்னைக்கி அவரு கட்டிவுட்ட வாட்ச்சத்தான் ரிப்பேருக்குக் குடுத்திருக்கீங்க, வந்து எறங்குனதும் மாப்ள கையத்தான் பாப்பாரு. தெரியும், தெரியும். இதோட நாலுவாட்டி சொல்லிட்டீங்க. மொதல்ல காபியக் குடிங்க, ஆறுது.

என்னாத்தச் சொல்றது போங்க. மில்லுல ஃபிட்டரா இருந்த மனுசன். மில்ல மூடுனாங்க... சரி, ஒரு பொட்டிக்கட வைப்பாரு, ஆட்டோ ஓட்டுவாருன்னு பாத்தேன். இவரு போயும் போயும் பழைய டிஜிட்டல் வாட்ச்சப் புடிச்சிக்கிட்டாரு. ஊரே செல்போன்ல மணி பாக்குது! சண்டே மார்க்கெட்டுக்குப் போனா மத்தவங்க துணி வாங்குவாங்க, சட்டி ஏனம் வாங்குவாங்க. எம்புருசன் ஆதிமூலம் எங்கன்னு தேடுனா, கோணிமேல பழைய சாமான் கொட்டி வச்சிருக்கறவன்கிட்ட குந்திக்கிட்டு, செத்த வாட்ச்ச ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டிருப்பாரு.

பல்லு வௌக்கற பேஸ்ட்டு மாசத்துக்கு நாலு. பல்லுக்கா? கண்ணாடிக்கு! வாட்ச்சு கண்ணாடி பிளாஸ்டிக்காம், பேஸ்ட்ட வச்சித் தேச்சா கீறலு போயிடுமாம். நான் உப்பு போட்டு வௌக்கறேன். உங்க வாட்ச்சு பேஸ்ட்டு போட்டு வௌக்கிக்குது. கோழிக்கறியில ஊத்த வினிகரு வாங்கி வச்சேன். பேட்டரி ஒழுகி பச்ச பூத்திருக்குன்னு எல்லாத்தையும் அதுல முக்கி எடுத்துட்டாரு. அதுகூடப் பரவால்ல... என் பட்டு ஜாக்கெட்டு கைய வெட்டி பாலீஷ் துணியாக்கிட்டாரு தம்பி! கேட்டா, "அது எங்க உனக்கு நுழையுது?"ன்னாரே.

கேட்டீங்களா? பீப்புன்னுச்சே... பயப்படாதீங்க, இன்னும் பத்து பாக்கி. பதினோரு வாட்ச்சும் ஒன்னு பின்னால ஒன்னு கத்தும். எல்லாத்துக்கும் ஒரே மணிய வச்சித் தொலைங்களேன்னேன். ஒவ்வொன்னுக்கும் ஓடற நட ஒன்னு இருக்குதாம், மாத்தக் கூடாதாம். இங்க கதிர்காமத்துல கட்டிக் குடுத்த எம்பொண்ணு சுமலதா போன் பண்ணா, "என்னாம்மா, வூட்டுக்குள்ள தவள கத்துது"ங்கறா.

இதுல இன்னொரு புத்தி இவருக்கு. எதுக்கும் கவரு பிரிக்க மாட்டாரு. அந்த டிவி ரிமோட்ட பாருங்க, வாங்கி மூணு வருசம், இன்னும் பாலிதீனுக்குள்ளதான் கெடக்குது. எந்தப் பட்டன அமுக்குறோம்னே தெரியாது. ஃப்ரிட்ஜு கதவுல ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கு சுருண்டு சுருண்டு தொங்குது. உரிச்சா கோடு வுழுந்துடுமாம்!

ஆங்... வாட்ச்சா? புரியுது தம்பி, உங்களுக்கு அவசரம். சத்தியமா ஞாயித்துக்கெழமயே முடிஞ்சிடுச்சி. மேக்கண்ணாடி மட்டும் மாட்டணும், அது தனியா காஞ்சிக்கிட்டு இருந்துச்சி. என்னக் கூப்ட்டுக் காமிச்சாரு. நம்பரெல்லாம் கருகருன்னு, புதுசாட்டம். மில்லு மூடுனதுலேருந்து அந்த மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்ப நான் பாக்கல. அந்தச் சந்தோசத்துல டீ குடிக்கப் போனாரு. திரும்பி வந்து பாத்தா... நம்பரு இல்ல. வாட்ச்சு ஓடுது, பீப்புங்குது, மூஞ்சி மட்டும் காலி. நம்பருமேல ஒட்டுன ஃபிலிம் எங்கயோ வுழுந்துடுச்சாம். அது இல்லன்னா ஒன்னும் தெரியாதாம்.

"ஒட்டுனது சரியில்ல செல்வாம்பா, என் கை போச்சி"ன்னாரு. ரெண்டு நாளா சோத்துல கைய வச்சிட்டு வச்சிட்டு எழுந்துடறாரு. உங்க வாட்ச்ச மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டு எல்லாத்தையும் தூக்கிப் பரண்ல போட்டுடறாராம். பழைய கால்குலேட்டர்லயும் அதே ஃபிலிம் இருக்குமாம், வெட்டி ஒட்டலாமாம். அதத் தேடித்தான் பெரிய மார்க்கெட்டு பக்கம் போயிருக்காரு. நேத்து பூரா டார்ச்ச அடிச்சிக்கிட்டு கட்டிலுக்கடியில தேடுனாரு. நானுந்தான் கூடப் படுத்துத் தேடுனேன். இருக்காதுன்னு தெரிஞ்சே தேடுனேன்...

என்னா அப்படிப் பாக்கறீங்க? சரி, உங்ககிட்ட சொன்னா என்னா. அவரு டீக்குப் போனாரா, நான் மேசையத் தொடச்சேனா... உங்க வாட்ச்சுல, மூலையில, பிளாஸ்டிக்கு கொஞ்சூண்டு தூக்கிக்கிட்டு நிக்குது. பாரு, ஊரான் வாட்ச்சுலயும் கவரு பிரிக்காம வுட்டுட்டாரேன்னு நகத்தால ஒரு இழுப்பு இழுத்தேன். அழகா வந்துடுச்சி. கூடவே நம்பரும் வந்துடுச்சி! நம்பரு பிளாஸ்டிக்குலதான் இருக்குன்னு எவ கண்டா? திரும்ப ஒட்டிப் பாத்தேன், கசங்கிப்போச்சி. பயத்துல ஓடிப்போயி தெருக்கோடி குப்பத்தொட்டியில போட்டுட்டேன்.

சொல்லியிருக்கலாம். முப்பது வருசமா "உன் கை சும்மாவே இருக்காதா"ங்கறாரு. இதுவும் தெரிஞ்சா நான் சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. ஆனா தம்பி, நல்லா இருக்கற தன் கைய அவரு திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறத என்னால தாங்க முடியல.

சைக்கிள் சத்தம்! வந்துட்டாரு. நீங்க எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. சொல்லிடறேன். நீங்க இருக்கறப்பவே சொல்லிடறேன்.

ஏங்க, வாங்க! கால்குலேட்டரு கெடச்சிடுச்சா? நல்லதாப் போச்சி. இங்க பாருங்க, உங்க கைமேல ஒரு தப்பும் இல்ல. நீங்க நல்லாத்தான் ஒட்டியிருந்தீங்க. அந்த பிளாஸ்டிக்க... அதாவது... அன்னைக்கி நீங்க டீக்குப் போனப்ப இந்தத் தம்பி வந்தாராம். கவருன்னு நெனச்சி உரிச்சிட்டாராம். இப்பத்தான் ஒத்துக்கிட்டாரு. திட்டாதீங்க, பாவம், தெரியாமத்தான பண்ணாரு. நீங்க கைய கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்.