நொய் புளித்த வாடை

என் பெயர் காசிம், வயது 56, தகப்பனார் பெயர் கவுஸ் பாஷா. கீழ்பென்னாத்தூர் அருகே எத்தனால் ஆலைக் குடியிருப்பில் தனியாக வசிக்கிறேன். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தபடி சொல்வதாவது:

எங்கள் ஆலையில் ரைஸ் மில்லில் கழித்த நொய்யை வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, அதைக் காய்ச்சி பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கிறார்கள். புளிக்கும் தொட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வாடை பழகிப்போய் என் மூக்குக்குத் தெரிவதே இல்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது.

நேற்று என் அக்கா குர்ஷித் பேகத்தின் மகள் பிர்தௌஸுக்கு வேங்கிக்கால் மண்டபத்தில் நிக்காஹ். அக்காவின் கணவர் காலமாகிவிட்டதால், பெண்ணிடம் சம்மதம் கேட்டுவந்து சபையில் சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கென்று இருப்பது அக்காவின் அந்த ஒரு குடும்பம்தான். ஆகவே புதுச்சட்டை தைத்து, கசங்காமல் இருக்க, தொட்டிக்கு எதிரே உள்ள என் அறை சன்னலில் ஒரு வாரமாக மாட்டியிருந்தேன். முகர்ந்து பார்த்துச் சொல்ல என் வீட்டில் ஆள் இல்லை.

நேற்றுக் காலை குளித்து, அத்தர் பூசி, அந்தச் சட்டையோடு பஸ் ஏறினேன். பௌர்ணமிக் கூட்டத்தில் ஜனங்கள் நின்றுகொண்டு வந்தார்கள், என் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருந்தது. வயதுக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மண்டபத்தில் பெண் இருந்த அறைக்குப் போய், குனிந்து சம்மதம் கேட்டேன். பிர்தௌஸ் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் அண்ணன் சல்மான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, "மாமு, இன்னைக்குக் கூடவா குடிச்சுட்டு வருவீங்க?" என்றான். "எனக்கு ஒரு வாடையும் வரலையேப்பா" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன், அதுவே வினையாகிவிட்டது. குடித்துவிட்டுப் பொய் சொல்கிறேன் என்று அவன் தள்ளியதில் படியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. படியில் உட்கார்ந்திருந்தபோது, பெண்ணின் சம்மதத்தை வேறொருவர் சபையில் சொல்வது மைக்கில் கேட்டது. மனசு விட்டுப்போனது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. ஓர் ஆட்டோக்காரர்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

சல்மான் மீது நடவடிக்கை வேண்டாம். நான் குடித்திருக்கவில்லை என்று இங்கே டாக்டர் பரிசோதித்துச் சொன்னதை யாராவது பிர்தௌஸிடம் சொன்னால் போதும்.

இதை எழுதும் ஏட்டு அருணாதேவி அவர்களிடம், இப்போதும் என்மேல் வாடை வருகிறதா என்று கேட்டேன். "வருதுங்க" என்றார். இதுவரை என் முகத்துக்கு நேராக அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. வலது கையில் கட்டு இருப்பதால் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இ.பெ.ரே.) காசிம்