நூற்று நாற்பத்தெட்டாவது வரிசை

கணினியில் ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் படம் தானாகப் போய்க் கட்டத்தின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் கை தவறிப் பட்டதில் தெரிந்துகொண்டேன். அதுவரை ஒவ்வொரு படத்தையும் கண்ணால் அளந்து, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று நகர்த்திக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் குடித்துவிட்டுக் கேளுங்கள், தனசீலன் தம்பி. அறக்கட்டளைச் செயலாளர் இந்த வெயிலில் தாராவிச் சந்துக்குள் நடந்து வர வேண்டியதில்லை, போனில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். சபாவைக் கூட்டி வந்தது நல்லது. கண்டுபிடித்தது அவள்தானே. அவளுக்குத் தமிழ் புரியாத இடத்தில் நீங்கள் ஹிந்தியில் சொல்லிக்கொள்ளுங்கள். கட்டிலில் உட்காரம்மா, அந்த நாற்காலிக்கு ஒரு கால் சரியில்லை.

முறையாகச் சொல்கிறேன். என் பெயர் ஜோஸ்பின். வயது அறுபத்தொன்று. நம் அறக்கட்டளையின் சயான் ஆபீசில் பதினோரு வருஷமாக ஒரே வேலைதான் பார்த்தேன். தண்டவாளத்திலும் தெருவிலும் இறந்துபோய், பேர் தெரியாமல் கிடந்தவர்களின் படங்கள் போலீசிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும். அவற்றை எக்செல் ஷீட்டில் ஏற்றுவேன். ஆளைக் காணோம் என்று தேடி வருகிறவர்களுக்குத் திரையில் காட்டுவேன்.

வருகிற படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று கோணலாக இருக்கும், ஒன்றில் முகத்தைவிடத் தரைதான் அதிகம் இருக்கும். நான் எல்லாவற்றையும் நிமிர்த்தி, வெட்டி, ஒரே அளவாக்கிக் கட்டத்தின் நடுவில் வைப்பேன். படத்தைக் கட்டத்தோடு பூட்டாமல் விட்டால், தேதிவாரியாக வரிசை மாற்றும்போது எழுத்து ஒரு பக்கம் போகும், முகம் ஒரு பக்கம் நிற்கும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி விட்டதில், ஒரு குடும்பம் யாரோ ஒருவரின் உடலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தது. என் காலத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அந்த மனிதர்களுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. நேராகவாவது வைப்போம் என்று நினைப்பேன்.

பேராச்சி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். செவ்வாய் அவள் பட்டறைக்கு விடுமுறை. தோல் பைகளில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை அவளுக்கு. மகன் வெயிலுமுத்து, இருபத்தாறு வயது, வீட்டில் ஏதோ சொல்லக் கோபித்துக்கொண்டு போனவன் போனவன்தான். போனும் அணைந்துவிட்டது. அவன் படம் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இடது புருவத்தில் ஒரு வெட்டு, அதில் முடி முளைக்காது.

வாரம் தவறாமல் வந்தாள். புதிதாக ஏறிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவேன். இல்லை, இல்லை என்று தலையாட்டுவாள். முடிந்ததும் தூக்குவாளியைத் திறப்பாள். எனக்கும் சேர்த்துத்தான் சோறு இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்தபோது ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யக்கா, ஒங்க படத்தயும் அந்தக் காலத்துலயே இப்படி நேரா ஒட்டி வச்சிருந்தா ஒரு மாப்பிள்ள மாட்டிருப்பாம்லா."

"மாட்டுனவன் இந்த ஷீட்டுலதான் வந்து நின்னுருப்பான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஆபீசில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். என் தம்பி செம்பூரில் இருக்கிறான். கிறிஸ்துமசுக்கு வருவான், வாசலிலேயே கேக்கைக் கொடுத்துவிட்டுப் போவான். இதை வேறு எதற்காகவும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை பதினோரு படங்கள் வந்தன. ஏழாவது படத்தை நிமிர்த்தும்போது புருவத்தைப் பார்த்தேன். ரயிலில் இருந்து விழுந்திருக்கிறான். முகம் கெடவில்லை. வழக்கம்போல வெட்டி, நூற்று நாற்பத்தெட்டாவது வரிசையில் வைத்தேன். நன்றாகவே அமைந்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அன்று காலையில்தான் பேராச்சி போன் செய்திருந்தாள். முந்தின ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு அசந்து தூங்கினேன் என்று சொன்னாள். தூங்கி எழுந்தவளை மறுநாளே உட்காரவைத்து இதைக் காட்ட வேண்டுமா? ஒரு வாரம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே சொந்தக்காரர்கள் வந்து வாங்கிப் போய்விட்ட ஒருவரின் படத்தை நகலெடுத்து, அவன் மேல் வைத்தேன். ஆல்ட் பொத்தான் இருக்கிறதே, நான்கு ஓரமும் இம்மி பிசகாமல் பொருந்தியது. இரண்டையும் கட்டத்தோடு பூட்டினேன். வெயிலுமுத்துவின் படத்தை நான் அழிக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அவள் வந்தாள். நூற்று நாற்பத்தெட்டில் கொஞ்சம் நின்றாள். மேலே இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். "இது யாரு பெத்த புள்ளயோ" என்றாள். "தேடி யாரும் வரலியா?"

"இன்னும் வரலை."

"எவ வயித்துல இன்னும் நெருப்பு எரியுதோ" என்று சொல்லி, விரலை நெற்றியில் வைத்து அவருக்காகச் சாமி கும்பிட்டாள். நான் அடுத்த வரிசைக்குப் போனேன்.

வெயிலுமுத்து அப்போது ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தான். எங்கள் ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடை. அன்று நாங்கள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம்.

அடுத்த செவ்வாயும் அவன் அங்கேதான் இருந்தான். அன்று அவளுக்கு லேசாகக் காய்ச்சல், அதனால் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் போலீசே உடலை அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் வரிசையின் கடைசிக் கட்டத்தில் அந்தத் தேதியைப் போட்டேன். அதற்குப் பிறகு சொல்லி என்ன செய்ய? காட்டுவதற்கு உடம்பு வேண்டாமா? உடம்பு இல்லாமல் சாவைச் சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? இதை நான் பல விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், தம்பி. ஒவ்வொரு முறையும் சொல்லாமல் இருப்பதுதான் சரி என்று வந்தது.

அழாதே சபா. நீ செய்தது சரிதான். பழைய ஷீட்டுகளைப் புதிதாக மாற்றும்போது எல்லாப் படங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இருநூற்றுப் பதின்மூன்று வரிசைக்கு இருநூற்றுப் பதினான்கு படம் இருந்தால் யாராக இருந்தாலும் தேடத்தான் செய்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பேராச்சியின் மகள் பானுமதி தூத்துக்குடியில் இருக்கிறாள். நல்ல பெண். மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மா, அங்கே தனியாகக் கிடந்தது போதும், இங்கே வந்துவிடு என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பினாள். பேராச்சி பையைக் கட்டி வைத்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்: "போயிரட்டாக்கா? நீங்க சொன்னா போயிருதேன்."

நான் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நீ போன மறுநாள் அவன் வந்து நின்னா, பூட்டுன கதவைப் பார்த்துட்டு எங்க போவான்?"

அவள் பையை அவிழ்த்துவிட்டாள். பானுமதிக்குப் பிள்ளை பிறந்தபோதும் போகவில்லை. போனில் பேரன் அழுகிற சத்தத்தை எனக்கும் கேட்கவைத்தாள். அந்தப் படத்தை மறைத்து நாலு வருஷமாகிறது. ஒரு செவ்வாய்கூட நான் லீவு எடுத்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன், மழையில் ரயில் ஓடாத நாளில் முழங்கால் தண்ணீரில் நடந்து போயிருக்கிறேன். அவள் வந்து என்னைக் காணாமல் திரும்பிவிடக் கூடாது என்று.

ஆமாம், மறைத்தது நான்தான். உடம்பு இருந்த நாட்களிலும் மறைத்தேன், இல்லாமல் போன பிறகும் மறைத்தேன். அவன் வருவான் என்று அவளை இங்கே உட்காரவைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இனி அவளிடம் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். சரி. அவன் இறந்ததைச் சொல்லுங்கள். தேதியையும் சொல்லுங்கள், திதி கொடுக்க வேண்டும் அல்லவா. சொல்லும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன், விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மேலே இன்னொரு படம் இருந்ததை மட்டும் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, தம்பி. அது தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள். பிறகு இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?