இருபத்தேழாவது மட்டைக்காரன்

இல்லம்மா, அந்தப் பெட்டியில கை வைக்காத. மீட்டர் மாத்த வேணாம்னு நான் சொல்லலையே. கரண்ட்ட நிறுத்தாம மாத்துன்னுதான் சொல்றேன். முடியாதா? பத்து நிமிஷமா? பத்து செகண்டு போனாலும் போச்சு. மேல வா, காட்டறேன். படியில தலை இடிக்கும், குனிஞ்சு வா.

அதோ பாரு, டிவி. பதினோரு நாளா அணையல. கீழ இருக்கே கேம் பெட்டி, சூடாகிச் செத்துடக் கூடாதேன்னு ஃபேன் வச்சிருக்கேன். டோஸ்டர் போடறதில்ல, ஃப்யூஸ் போயிடும். காபியப் பச்சத்தண்ணியில கலக்கிக் குடிக்கறேன். சிரிக்காத. ஏழு மாசம் ஆலை வாசல்ல பனியில நின்னவன்மா நான், பச்சத்தண்ணிக் காபி என்ன பண்ணிடும்?

நீ சங்கத்துல இருக்கியா? அட்டையக் காட்டு. ம், சரி. கூட்டத்துக்குப் போறியா? அதானே. உங்களுக்கெல்லாம் சங்கம்னா பல்லு பிடுங்க உதவற அட்டை. காஸிமிர் வோய்டாங்கற என் பேரு கேள்விப்பட்டிருப்ப. எண்பத்தாறுல, இந்தத் தெருக் கோடியில இருந்துச்சே கண்ணாடி ஆலை, அங்க வேலைநிறுத்தம். கேள்விப்படலையா? டொலிடோவுலயே பொறந்தவளா நீ? பரவால்ல, விடு. தோத்தவன் பேரைப் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர மாட்டாங்க.

இந்த கேம், மக மார்சியா கிறிஸ்துமஸுக்குக் குடுத்தது. அப்பா கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருக்கட்டும்னுதான் குடுத்தா, எனக்குத் தெரியும். நான் விட்டேனா? ஆராய்ஞ்சு ஒரு துண்டறிக்கை போட்டுட்டேன். இந்தா, ஒண்ணு வச்சுக்கோ. முடிவெட்டற கடையிலயும் மாதாகோயில்லயும் குடுத்தது போக மிச்சம். பேஸ்பால் வீடியோ கேம், நிறையும் குறையும், பதினாலு கோரிக்கைகளும். சத்தமாப் படிக்காத, கண்ணாலப் படி.

நிறைய மொதல்ல சொல்லிடறேன், எதிரிக்கும் நியாயம் பண்ணணும். ஆட்டம் போகப் போக வெயில் சாஞ்சு மைதானத்துல நிழல் நீளும் பாரு, அது அப்படியே நிஜம். புல்லு நிஜம். அதைவிட, பந்து எறியறவன் தலைக்கு மேல ஒரு பட்டை. எறிய எறியக் குறையும். பச்சையா இருந்தது மஞ்சளாவும், செவப்பாவும். ஒழைக்கறவன் களைச்சுப் போறத எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுக் காட்டறான்மா! எங்க ஆலையில முப்பத்தோரு வருஷத்துல ஒரு பய அதக் காட்டினதில்ல.

குறைதான் ஏராளம். கூட்டம்னு காட்டறானே, மொத்தம் பதினெட்டு மூஞ்சி. எண்ணிட்டேன். பச்சத் தொப்பிக்காரன் ஒருத்தனே நாப்பது எடத்துல உக்காந்திருக்கான். அப்புறம் ஆட்டக்காரனை விக்கலாம், ஆறு வருஷம் பெஞ்சுல உக்கார வைக்கலாம், ஒருத்தன் முணுமுணுக்க மாட்டேங்கறான். மொதலாளி கனவுல வர்ற தொழிலாளி! ஒன்பதாவது கோரிக்கையே அதான், பெட்டிக்குள்ள ஒரு சங்கம் வேணும். அப்புறம் அம்பயர். தப்பாச் சொல்றான், சண்டை போட வழியில்ல. எல்லா பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டேன். அம்பயர் மூஞ்சிக்கு நேரா நின்னு மண்ணை உதைக்க முடியலன்னா அது பேஸ்பாலா? அரசாங்க ஆபீஸ்.

எல்லாத்துலயும் பெரிய குறை பதினாலாவது. ஆட்டத்தை நடுவுல சேமிச்சு வைக்க முடியாது. முழுசா முடிஞ்சாத்தான் உண்டு. நடுவுல கரண்ட் போனா, அந்த ஆட்டம் நடக்கவே இல்ல. புரியுதா ஏன் கெஞ்சறேன்னு?

நம்ம இஷ்டத்துக்கு ஆள் செஞ்சுக்கலாம் அதுல. எங்க போராட்டக் குழு ஒன்பது பேரையும் செஞ்சேன். மீசை, தொப்பை, கோஸ்கியோட வளைஞ்ச காலு எல்லாம் அச்சு அசல். பந்து எறியறது நான், முப்பத்திரண்டு வயசுத் தோளோட. எதிரணி, ஆலை நிர்வாகம். அந்த வேலைநிறுத்தத்தை ஒடைச்சானே சூப்பரிண்டு ஹார்லன் ப்ரூட், அவனைக் கடைசி மட்டைக்காரனா வச்சேன், அவமானப்படட்டும்னு. மூக்கை அந்தப் பெட்டி விட்ட அளவுக்கு இழுத்து விட்டேன். அதோ நிக்கறான் பாரு, மட்டையத் தூக்கிட்டு. ரெண்டு தடவை வீசித் தப்பு விட்டாச்சு, இன்னும் ஒண்ணு விட்டா அவுட்டு. அவன்தான் இருபத்தேழாவது ஆள், ஒன்பது இன்னிங்ஸுக்கும் மூணு மூணு பேரா எண்ணிக்கிட்டா கடைசி ஆள். முன்னால வந்த இருபத்தாறு பேர்ல ஒருத்தன் முதல் தளத்தை மிதிக்கல. அத்தனை பேரும் வந்த வழியே திரும்பிட்டானுங்க.

பாத்தியா! தொப்பியக் கழட்டிட்ட. வாயையும் மூடிட்ட. நல்ல வளர்ப்பு. ஒருத்தன் இப்படி எறிஞ்சுக்கிட்டிருக்கறப்ப அவன்கிட்டப் பேசக் கூடாது, பக்கத்துல உக்காரக் கூடாது, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தா கெட்டுது, அது பேஸ்பால் மரபு. இது தெரியாத பய அந்த கேம்ல வர்ணனை பண்றவன் ஒருத்தன்தான். ஆறாவது இன்னிங்ஸ்ல, இதுவரை யாரும் தளம் ஏறலைன்னு ஒளறிட்டான். சத்தத்தை அப்பவே நிறுத்திட்டேன்.

இந்தத் தெரு அப்படியில்ல. என் மச்சான் ஃப்ளோரியன் பக்கத்து வீடு. சாசேஜ் சுட்டு ஜன்னல் வழியா நீட்டுவான், ஒரு வார்த்தை பேச மாட்டான். தபால்காரன் கடுதாசியப் புல்லுலயே போட்டுட்டுப் போறான். போன ஞாயித்துக்கிழமை பாதிரியார் வந்தாரு, டிவிக்குச் சிலுவை போட்டாரு, போயிட்டாரு.

என்ன அப்படிப் பாக்கற? ஒரே ஒரு பந்து, எறிஞ்சு முடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானேங்கற. கட்டைவிரல் மரத்துப் போச்சும்மா, நிறுத்தி வச்சேன். அப்புறம் யோசிச்சேன், டலோரஸ் பாக்க எறியணும்னு. என் சம்சாரம். ஃப்ளோரியனுக்கு அக்கா. அந்த ஏழு மாசமும் ஆலை வாசல்ல அண்டா வச்சு எரநூறு பேருக்கு சூப்பு ஊத்தினவ. ப்ரூட் தோக்கறத அவ பாக்காம வேற யாரு பாக்கறது?

வீட்டுல சத்தமே இல்ல. மொத நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடல. மரபு தெரிஞ்சவன்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் கட்டில்ல ஆள் இல்ல. பக்கத்துல உக்காரக் கூடாதுன்னா படுக்கவும் கூடாதுல்ல, ஞாயந்தான். மூணாம் நாள் பாக்கறேன், அவ பல்லு தேய்க்கற பிரஷ்ஷும் இல்ல. கொஞ்சம் அதிகமாத்தான் தெரிஞ்சுது. ஆனாலும் பெருமையா இருந்துச்சும்மா, பொய் சொல்ல மாட்டேன்.

நாலாம் நாள் மார்சியா போன் பண்ணா, டேட்டன்லருந்து. அப்பா, அம்மா நாலு நாளா இங்கதான் இருக்காங்க, நீங்க கவனிச்சீங்களான்னு கேக்கச் சொன்னாங்கன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அம்மாவுக்கு நன்றி சொல்லு, இவ்வளவு கட்டுப்பாட்ட எந்தப் பொம்பளகிட்டயும் பாத்ததில்லன்னேன். போனை வச்சுட்டா.

ஓடினேன் ஃப்ளோரியன்கிட்ட. உங்கக்கா போனது உனக்குத் தெரியுமாடான்னேன். தலையாட்டறான். ஏண்டா தடியா சொல்லலன்னேன். நீங்க ஒன்பதாவது இன்னிங்ஸ்ல இருந்தீங்களே மாமாங்கறான்.

இப்ப நீயே சொல்லு. அந்தப் பந்தை எறிஞ்சா ஆட்டம் முடிஞ்சுது. மரபும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் யாரு வேணா என்கிட்டப் பேசலாம். அப்பவும் அவ பேசலன்னா? இது இப்படியே நிக்கற வரைக்கும் அவ பேசாததுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. மரியாதையான காரணம். அதத்தான் நீ பத்து நிமிஷம் அணைக்கறேங்கற.

அடடே, வாயத் தெறந்துட்ட. பரவால்ல, கேளு. அவ போறப்ப ஒண்ணுமே சொல்லலையான்னு கேக்கறியா? சொல்ல வந்தா. ஏழாவது இன்னிங்ஸ். டிவிக்கு முன்னால வந்து நின்னா. கையில துணிப்பெட்டி இருந்துச்சாம், மார்சியா சொன்னா. நான் எங்க அதப் பாத்தேன்? நாப்பத்தேழு வருஷமா நீ பேசினதையே கேட்டுட்டு இருந்துட்டேன் காஸிமிர், இன்னைக்கு நான் ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா. கொஞ்சம் தள்ளி நில்லு, பந்து தெரியலன்னேன். தள்ளி நின்னா. பந்து நல்லாத் தெரிஞ்சுது. மூணே பந்துல அந்த ஆளை அனுப்பிட்டு, பாத்தியா டலோரஸ்னு திரும்பறேன், எடம் காலி.