லாரியில் எழுதியிருந்த முகவரி

நல்ல மெத்தையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் பன்னிரண்டு வருஷம் உழைக்கும், ஐயா. இதை எத்தனை வாடிக்கையாளருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த வில்லாரிக்கா ஊரில் ரெகால்டே மெத்தைக் கடையின் முன்மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். முதலாளி அனஸ்தாசியோ ரெகால்டேவுக்குப் பஞ்சு தெரியும், ஸ்பிரிங் தெரியும், நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. ஆரம்பத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்புறம் சொல்வதையும் நிறுத்திவிட்டார். "நான் என்ன சொல்வேன்னு உனக்குத் தெரியாதா செனோபியா? எழுதிப் போடு" என்பார். தெரியும்தான். கோபம் வந்தால் எத்தனை வார்த்தையோடு நிறுத்துவார் என்பது வரைக்கும் தெரியும்.

நீங்கள் அந்த டொமைன் பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் ஆள் ஓஸ்வால்டோ வந்து கடைக்கு ஒரு இணைய முகவரி பதிவு செய்தான். "ஒரு மெயில் சொல்லுங்கக்கா. வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்லி எழுதுவாங்க" என்றான். கடைக்கு அப்போது மெயிலே கிடையாது. அதனால் என் சொந்த மெயிலைக் கொடுத்தேன். அக்டோபர் வந்தால் அறிவிப்பு எனக்கு வரும், நான் புதுப்பிப்பேன். அது வருஷக் குத்தகை என்பதே முதலாளிக்குத் தெரியாது. லாரியின் இரண்டு பக்கமும் சிவப்பு பெயின்ட்டில் அந்த முகவரியை எழுதச் செய்து, "இனி நம்ம பேரு சாகாது" என்று ஊருக்கெல்லாம் தெரெரே மூலிகைப் பானம் ஊற்றினார். அவர் மகள் அராசெலிக்கு அப்போது பதினொரு வயது. பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூலையில், செத்துப்போன அவர் மனைவியின், ஏழு தங்க இழை பின்னிய ஏழிழை மோதிரம் அலுவலக இழுப்பறையிலிருந்து காணாமல் போனது. இழுப்பறைச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடை நிறைய ஆள் இருந்தபோது, "பையைக் கொட்டு" என்றார். நான் மாட்டேன் என்றதும் அவரே பிடுங்கிக் கவிழ்த்தார். சீப்பு, ரத்தக்கொதிப்பு மாத்திரை, காகிதத்தில் சுற்றிய பாதி சிப்பா ரொட்டி, எல்லாம் விழுந்தன. என் பல்செட்டும் விழுந்தது, ஐயா. ஈறு வலிக்கும்போது கழற்றிக் கைக்குட்டையில் வைத்திருப்பேன். அது தரையில் உருண்டு தையல் மெஷின் காலடியில் போய் நின்றது. தையல்காரர்கள் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷம் அவர்கள் பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தை எல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான்.

அராசெலி மட்டும் குனிந்து அதை எடுத்தாள். தன் கழுத்துத் துணியில் துடைத்து, சுற்றி, என் கையில் வைத்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன், கலங்கியிருந்தது. இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மோதிரம் பையில் இல்லை. ஆனாலும், "எங்கே ஒளிச்சு வச்சிருக்கியோ, யாருக்குத் தெரியும்? நாளையிலேருந்து வராதே" என்றார் முதலாளி. அதற்கப்புறம் நான் சந்தைக்குப் போனால் மரவள்ளிக்கிழங்கு விற்கிறவள், "என்ன ஏழிழை அக்கா, விரல் காலியா இருக்கு?" என்பாள். பக்கத்துக் கடைக்காரிகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

செப்டம்பரில் அராசெலி ஒருத்தனை நம்பி ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். "வாசலைத் தாண்டினா திரும்பி வராதே" என்றாராம் அப்பா. ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி.

அக்டோபரில் எனக்கு வழக்கமான அறிவிப்பு வந்தது. முப்பது நாள் இருக்கிறது என்று ஒன்று, ஏழு நாள் இருக்கிறது என்று ஒன்று, இன்றே கடைசி என்று ஒன்று. மூன்றையும் திறந்து படித்தேன். புதுப்பிக்கவில்லை. வேலையிலிருந்து துரத்தப்பட்டவள் எதற்குப் புதுப்பிக்க வேண்டும்? இதில் குற்றம் இருப்பதாக நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

ஒரு மத்தியானம் பிளாசா சதுக்கத்தில் ஓஸ்வால்டோவைப் பார்த்தேன். தெரெரே இருந்த கொம்புக் குவளையை எனக்கு நீட்டிக்கொண்டே அவனாகச் சிரித்தான். "ரெகால்டே கடை பேரு படுத்துருச்சுக்கா. மெயில் எல்லாம் திரும்பிப் போவுது. போன் பண்ணி, என்னடான்னு கத்துறாரு. பேரு யாரு பதிவுல இருக்கு முதலாளின்னு கேட்டா, 'எம்பேர்லதான், லாரியில எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா'ங்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"செனோபியாக்காவ ஒரு வார்த்தை கேளுங்கன்னேன். அந்தத் திருடிகிட்டப் போய் நான் நிக்கணுமா, இப்பல்லாம் ஆர்டர் போன்லதானே வருது, ஒழியட்டும்னு வச்சுட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க, அவரு சொன்னதச் சொன்னேன்."

"எடுத்துக்கல. படுத்துட்டா அப்புறம் என்ன ஆகும்?"

"ஒடனே சாகாதுக்கா. ஒரு மாசம் மயக்கத்துல கெடக்கும், வழக்கமான காசக் கட்டினா எந்திரிச்சு ஒக்காரும். அடுத்த மாசம் தண்டம் கட்டினாத்தான் எந்திரிக்கும். அதுக்கப்புறம் அஞ்சு நாளு யாரும் தொட முடியாது. ஆறாம் நாள் காலையில அது யாருக்கும் சொந்தமில்ல. மொதல்ல கை நீட்டுறவனுக்கு."

"மெயிலு?"

"பேரு யாருகிட்டப் போவுதோ, மெயிலும் அவங்களுக்குத்தான். பழைய ஆளுக்குன்னு நெனச்சு எழுதுவாங்க, புது ஆளு படிப்பான்." குவளையை வாங்கிக்கொண்டான். "பயங்கரம்ல?"

ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே புதுப்பித்துக் கொடுத்திருப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு அறுபது நாள் இருந்தது. என் வீடு அவர் கடையிலிருந்து நாலு தெரு. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை, காபி போடுவதற்கு முன்னால், அந்தப் பெயரை என் பெயரில் எடுத்தேன். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்று ஓஸ்வால்டோவும் உங்களிடம் சொல்லியிருப்பான்.

முதலில் என் நோக்கம் சின்னதுதான். அந்த முகவரியில் எந்தப் பெயருக்கு மெயில் வந்தாலும் என்னிடம் வருகிறமாதிரி செய்துவைத்தேன். ஒரு விடுதிக்காரர் நாற்பது மெத்தை கேட்டார். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்டதுதான் இருக்கிறது, மூட்டைப்பூச்சி இலவசம் என்று பதில் போட்டேன். ஒரு கல்யாணப் பெண் கேட்டாள். விதவையிடமிருந்து திரும்பி வந்தது ஒன்று இருக்கிறது என்றேன். எனக்கு அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. ரத்தக்கொதிப்புகூடக் குறைந்ததாக நர்ஸ் சொன்னாள்.

மார்ச்சில் அராசெலியின் மெயில் வந்தது. உங்கள் கையில் நகல் இருக்கிறது, ஆனாலும் எனக்கு மனப்பாடம்.

"அப்பா, உங்க பழைய நம்பர்ல வேற யாரோ எடுக்கறாங்க. லாரியில எழுதியிருந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. அம்மா மோதிரத்த எடுத்தது நான்தான். அத நீங்க புதுசாப் பழகற பொம்பளைக்குப் போட்டுவிடப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன், பொறுக்கல. செனோபியாக்கா பைய நீங்க கொட்டினப்ப நான் வாயத் தொறந்திருக்கணும். பயந்துட்டேன். அவங்க பல்ல எடுத்துக் கையில குடுத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. அவங்க வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேளுங்கப்பா. எனக்கு அஞ்சாம் மாசம். அவன் விட்டுட்டுப் போயிட்டான். நான் பாத்துக்கிட்டிருந்த கிழவியம்மா செத்துட்டாங்க, இந்த வீட்ட விட்டுப் போகணும். ஏழு மாசத்துக்கு மேல ஆனா ஃபிளைட்ல ஏத்த மாட்டாங்களாம். வரட்டுமா அப்பா? வான்னு ஒரு வார்த்தை போதும்."

பதினோரு தடவை படித்தேன். கலங்கிய கண்ணுக்கு இரக்கம் காரணமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நான் நேர்மையாகச் சொல்கிறேன், அதை அச்செடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனேன். அவர் ஸ்பெயினிலிருந்து வருகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "எம்பொண்ணப் பாத்தியா" என்று கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அழுவார். மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். பேரக் குழந்தைக்குத் தொட்டில் மெத்தை தைப்பார். ஊரே கூடி விருந்து சாப்பிடும். என்னிடம், "மனசுல வச்சுக்காதே செனோபியா" என்பார், அதுவும் வாசலில் நின்று, லாரி இன்ஜினை நிறுத்தாமலேயே. அதோடு முடிந்தது. இது உனக்கு எப்படிக் கிடைத்தது என்றும் கேட்பார். திரும்பி வந்துவிட்டேன்.

அன்று பதில் எழுதினேன். அவர் நடையில் எழுதுவது எனக்குப் புதிதில்லை.

"உன் கடிதம் வந்தது. நான் செனோபியாவின் வீட்டுக்குப் போனேன். தெருவில், எல்லோர் முன்னாலும், அவள் காலடியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். இந்த ஊரில் அவளைப்போல் ஒரு நல்ல பெண்மணி கிடையாது. அவளுக்கு நாம் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மோதிரத்தை அவள் பெயருக்கு, அவள் வீட்டுக்கு அனுப்பு. அவள் கையால் வாங்கிக்கொள்வேன். நீ வராதே. எனக்கு மகள் இல்லை."

இதை எழுதும்போது நான் அழுதேன், ஐயா. யாராவது என்னிடம் அப்படிப் பேசி எத்தனை காலமாயிற்று.

இரண்டு வாரத்தில் மோதிரம் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூடவே அவள் மெயில்: "நீங்க மன்னிப்புக் கேட்டதே எனக்குப் போதும்பா. அக்கா நல்லா இருக்காங்களா? என்ன உள்ள விட வேண்டாம், கடைக்குப் பின்னால பஞ்சுக் கொட்டகையில இருந்துக்கறேன். கொழந்த பொறக்குற வரைக்கும்தான்." அதற்கு ஒரே வரி பதில் எழுதினேன். "சொன்னது சொன்னதுதான்." அவர் வழக்கமாகச் சொல்வது. மூன்றாவது மெயில் மே மாதம் வந்தது. பகலில் நூலகத்தில் உட்காருவதாகவும், இரவில் வேறு வேறு இடத்தில் படுப்பதாகவும், கால் வீங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தாள். அதற்கு நான் பதில் போடவில்லை. கடுமையாக எழுத மனசு வரவில்லை.

ஜூன் தொடக்கத்தில் ஸ்பெயினில் மாலகா நகரத்துப் பேருந்து நிலையத்தில் அவளுக்குக் காலம் முந்திப் பிரசவம் ஆனது, அவள் பிழைக்கவில்லை, பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. இதெல்லாம் எனக்கு உங்களைப்போலத்தான் அப்புறம் தெரிந்தது. அங்கேயுள்ள சமூகநல அதிகாரி அவள் அச்செடுத்துப் பையில் வைத்திருந்த பதில்களைப் பார்த்துவிட்டு, இப்படி எழுதிய தகப்பன் யார் என்று கேட்டுத் தூதரகம் வழியாக முதலாளியைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவர் தான் எழுதவில்லை என்றார். ஓஸ்வால்டோ, பெயர் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னான்.

அவர் என் வாசலுக்கு வந்தார். நாலு தெருவையும் நடந்தே வந்திருந்தார், தொப்பி இல்லாமல். நான் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்திருக்கிறேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் காயிதத்த எங்கிட்டக் குடுத்திருந்தா, ஒங்கால்ல விழுந்திருப்பேனே செனோபியா. நெசமாவே விழுந்திருப்பேனே."

"விழுந்துட்டீங்க முதலாளி. எழுத்துல இருக்கு" என்றேன்.

அப்போது அவர் எழுப்பின சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களுக்குப் போன் செய்தார்கள்.

என் வாக்குமூலத்தை எடுக்கிற உங்கள் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். செய்யட்டும், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. பெயரைப் புதுப்பிக்காமல் விட்டது நான். எடுத்தது நான். மெயிலைப் படித்தது, தகப்பன் பெயரில் பதில் எழுதியது, வராதே என்றது, எல்லாம் நான்தான். மறைக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இன்று காலை என் கைப்பையை உங்கள் மேசையில் கொட்டச் சொன்னீர்கள். நீங்கள் மரியாதையாகச் சொன்னீர்கள், நானும் கொட்டினேன். பல்செட் டப்பாவுக்குள்ளிருந்து அது விழுந்ததும் உங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்தை நானும் பார்த்தேன். அவள் என் பெயர் எழுதி, என் வீட்டுக்கு, அவள் கையாலேயே அனுப்பியது அது. தபால் ரசீது என்னிடம் இருக்கிறது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஐயா. இதை மட்டும் நான் சொன்னபடியே எழுத வேண்டும்: மோதிரத்தை நான் திருடவில்லை.